கட்டிப்போட்ட தண்ணீர்

நான் முதன்முதலாகப் போட்ட மாவடு ஒன்பதாம் நாள் கெட்டுப்போனது. ஜாடிக்கு வேடு கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் கள் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே, ஆறிய பாலில் படியும் ஆடைபோல, சுருக்கம் சுருக்கமாக ஒரு வெள்ளைப் படலம். கரண்டிக் காம்பால் அதை ஒதுக்கினால் அடியில் நீர் கலங்கிக் கிடந்தது. மேலே மிதந்துகொண்டிருந்த நாலைந்து வடுக்களின் காம்பைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். ஒரு கிலோ பிஞ்சு. காம்பு உதிராமல், அடிபடாமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கியது.

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு உப்பு போட்டே?"

"கிலோவுக்கு எண்பது கிராம், அத்தை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். பிரஷர்."

"பிரஷர் உனக்கா, ஜாடிக்கா? உனக்குன்னா நீ ரெண்டு வடு கம்மியா தின்னு. ஜாடிக்குப் படிக்கு ஆழாக்கு போட்டுத்தான் ஆகணும்."

படிக்கு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆகவே எட்டுக்கு ஒன்று. அத்தைக்கு அவர் மாமியார் சொன்னது, மாமியாருக்கு வேறு யாரோ சொன்னது. அறிவியல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அது ஏன் எட்டுக்கு ஒன்று, ஏன் பத்துக்கு ஒன்றாக இல்லை என்று கேட்கத் தோன்றியது, ஒரு கிலோ வடுவைக் குப்பையில் கொட்டிய பிறகுதான்.

வார்த்தையிலிருந்தே தொடங்கலாம். ஊறுகாய் என்றால் பள்ளிக்கூடத்தில் நமக்கு நினைவு வருவது வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருக்கும் சொல். தமிழாசிரியர்கள் சொல்லாமல் விட்டது இன்னொன்று: 'ஊறு' என்ற வினைக்கு எதிரெதிரான இரண்டு திசைகள் உண்டு. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது என்றால் உள்ளிருந்து வெளியே வருகிறது. அரிசி தண்ணீரில் ஊறுகிறது என்றால் வெளியிலிருந்து உள்ளே போகிறது. மாவடு ஜாடிக்குள் இரண்டும் நடக்கின்றன. அதுவும் இந்த வரிசையிலேயே நடக்கின்றன.

கழுவித் துடைத்த வடுவின்மேல் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. மறுநாள் பார்த்தால் ஜாடிக்கு அடியில் நீர் கோத்திருக்கும். மூன்றாம் நாள் அது பாதி ஜாடிக்கு ஏறியிருக்கும். காய் ஒவ்வொன்றும் கிழவியின் கன்னம்போல ஒடுங்கியிருக்கும். காயின் உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. தண்ணீரை அது எளிதில் விடும், உப்பை விடாது. வெளியே உப்புக் கரைசல் கெட்டியாக இருக்கிறது, உள்ளே சாறு நீர்த்திருக்கிறது. தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து கெட்டியான பக்கத்துக்கு ஓடுகிறது. இதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம். 1748ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஜான் அந்துவான் நொல்லே, சாராயம் நிரப்பிய ஒரு பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீரில் முக்கிவைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து தோல் உப்பிக்கொண்டு வந்தது. இந்த நிகழ்வைப் பற்றிய முதல் ஆய்வுப் பதிவாக அதைத்தான் சொல்வார்கள். நம் வீட்டு ஜாடிகளில் அது ஆண்டாண்டாகச் சித்திரை தோறும் நடந்துகொண்டிருந்தது, யாரும் எழுதி வைக்கவில்லை.

நீரை இழந்த உயிரணு சில நாளில் செத்துப்போகும். செத்த உயிரணுவின் சவ்வு காவலாளி போன வீட்டுக் கதவு மாதிரி, எதையும் தடுக்காது. அப்போதுதான் உப்பும் மஞ்சளும் மிளகாயும் உள்ளே நுழைகின்றன. ஒடுங்கிய காய் மறுபடி கொஞ்சம் பூரிக்கும். இது இரண்டாவது ஊறல். இது மெதுவானது, எவ்வளவு மெதுவு என்பதற்குக் கணக்கு உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் உப்பு நடுவை எட்ட நான்கு மடங்கு நாள் பிடிக்கும். ஆவக்காய்த் துண்டு சீக்கிரம் ஊறுவதும், முழு வடுவுக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதும், நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிவதும் இதனால்தான். சுருளாக அரிந்தால் காய் பார்வைக்கு முழுதாக இருக்கும், உப்பு நடக்க வேண்டிய தூரம் மட்டும் ஒரு விரல்கடைக்கும் கீழே குறைந்துவிடும்.

சரி, காய் ஏன் கெடுவதில்லை? உப்பு கிருமிகளைக் கொல்கிறது என்பது எல்லோரும் சொல்லும் பதில். பாதிதான் சரி. பெரும்பாலான கிருமிகளை உப்பு கொல்வதே இல்லை, பட்டினி போடுகிறது; இன்னும் சரியாகச் சொன்னால் தாகத்தில் தவிக்க விடுகிறது. ஜாடியில் தண்ணீர் ததும்பத் ததும்ப இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வீட்டு நகையெல்லாம் அடகுக் கடையில் இருப்பது போல இருக்கிறது. நம்முடையதுதான், ஆனால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. உப்பு கரையும்போது சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிகிறது. ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்துக்கொள்கிறது. மிச்சம், யாரிடமும் அகப்படாமல் இருக்கும் நீர்தான் பாக்டீரியாவுக்குப் பயன்படும்.

இதை அளக்க ஓர் எண் இருக்கிறது. நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 1. ஒட்ட உலர்ந்த பொருளுக்கு 0. உணவு கெடுவதை நிர்ணயிப்பது அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, இந்த எண் எவ்வளவு என்பதுதான் என்று புரியவைத்ததில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவின் டபிள்யூ. ஜே. ஸ்காட்டுக்கு உண்டு. 1953ல் அவர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும், உணவை நஞ்சாக்கும் கிருமி. நோய்க் கிருமிகளில் உப்பை மிக அதிகம் தாங்குவது இதுதான். நீர்ச் செயல்பாடு 0.86 வரை அது வளர்ந்தது, அதற்குக் கீழே நின்றுவிட்டது. உணவைக் கெடுக்கும் மற்றப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91லேயே கையைத் தூக்கிவிடும்.

இப்போது அத்தையின் ஆழாக்குக்கு வருவோம். ஊருக்குப் போனபோது அதை வாங்கிக் கல்லுப்பைத் தலை தட்டி அளந்து தராசில் வைத்தேன். ஏறக்குறைய 200 கிராம். ஒரு படி மாவடு ஒரு கிலோவை ஒட்டி வந்தது. (படி ஊருக்கு ஊர் மாறும், பிஞ்சின் பருமனும் மாறும், ஆகவே இதைக் கைக்கணக்காகவே கொள்ளுங்கள். ஆனால் ஆழாக்கில் பொடியுப்பை அளந்தால் இடைவெளி குறைவதால் நிறை கூடிவிடும். அத்தையின் அளவு கல்லுப்புக்கு உரியது.) ஒரு கிலோ பிஞ்சில் 850 கிராம் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 200 கிராம் உப்பு அதில் கரையும்போது கரைசலில் உப்பு 19 சதவீதம். கடல்நீரில் 3.5 சதவீதம்தான். கடலைவிட ஐந்து மடங்குக்கு மேல் உப்பு. அந்தக் கரைசலின் நீர்ச் செயல்பாடு 0.85ஐ ஒட்டி வருகிறது.

ஸ்காட்டின் எல்லைக்கோடு 0.86. படிக்கு ஆழாக்கு என்ற அளவு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே போய் நிற்கிறது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டிமார்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று மார்தட்டும் கட்சியைச் சேர்ந்தவன் இல்லை நான். அவர்களுக்கு நீர்ச் செயல்பாடு தெரியாது. ஏழாழாக்குக்கு ஒன்றும் பத்தாழாக்குக்கு ஒன்றும் போட்டுப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். பத்துக்கு ஒன்று போட்டவர்களின் ஜாடி ஆடியில் கெட்டிருக்கும். ஏழுக்கு ஒன்று போட்டவர்களின் வீட்டில் ஊறுகாயை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நடுவில் எஞ்சியதுதான் மருமகள்களுக்குக் கைமாறி வந்தது.

என் 80 கிராமுக்கு அதே கணக்கைப் போட்டால் 8.6 சதவீதம். நீர்ச் செயல்பாடு 0.94க்கும் 0.95க்கும் நடுவில். நான் ஊறுகாய் போடவில்லை, நுண்ணுயிர்களுக்குப் பந்தி போட்டிருக்கிறேன்.

யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்றும் சொல்ல முடியும். முதலில் லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரைத் தோய்க்கும் அதே குடும்பம். காய்களின் தோலில் எப்போதும் இருக்கும். அவை காயின் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கும். இது நல்லதுதான். ஜெர்மானியர்கள் முட்டைக்கோஸை நூற்றுக்கு இரண்டு, இரண்டரை உப்புப் போட்டுப் புளிக்க வைப்பதும், கொரியர்களின் கிம்ச்சியும் இந்த பாக்டீரியாவை நம்பித்தான். ஆனால் அவர்கள் காயைக் கல் வைத்து அழுத்தி, நீருக்குள் மூழ்கடித்து, காற்றுப் படாமல் குளிர்ச்சியில் வைப்பார்கள். என் ஜாடியின் வாயில் துணி. உள்ளே வடு மிதந்தது. வெளியே சென்னையின் பங்குனி. மேல்மட்டத்தில் காற்றும் அமிலமும் சேர்ந்து கிடைத்தால் படல ஈஸ்டுகளுக்குக் கொண்டாட்டம். அந்த வெள்ளை ஆடை அவைதான். அவற்றால் நேரடி ஆபத்து பெரிதில்லை. ஆனால் அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். அமிலம் குறைந்த இடத்தில் பூசணம் வேர்விட்டது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. நம் ஊறுகாய் முழுக்கக் குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா என்று இப்போது பாட்டில்களில் அச்சடிக்கிறார்கள், காணொளிகளில் சொல்கிறார்கள். 2 சதவீத உப்பில் புளிக்கும் முட்டைக்கோஸுக்கு அது பொருந்தும். 19 சதவீத உப்பும் எலுமிச்சையின் அமிலமும் சேர்ந்த ஜாடியில் உப்பைத் தாங்கும் சில இனங்கள் பிழைத்திருக்கலாம். அதை நம்பி ஊறுகாய் தின்பதைவிட ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடுவது மேல். நம் ஊறுகாயில் பெரும்பாலானவை புளிக்க வைத்தவை அல்ல, புளிப்பானவை. மாங்காய், எலுமிச்சை, நெல்லி, நார்த்தை, புளி. அமிலத்தை உண்டாக்க பாக்டீரியாவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல், மரமே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது.

அந்த அமிலம்தான் இரண்டாவது வேலி. அமிலத்தின் அளவை பிஎச் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும், ஒன்று குறைந்தால் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2க்கும் 2.6க்கும் இடையில். பச்சை மாங்காய் 3ஐ ஒட்டி. உணவறிவியலில் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்று உண்டென்றால் அது 4.6. அதற்குக் கீழே குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் முளைக்காது.

இந்தக் கிருமியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இது மண்ணில் வாழ்வது. சூழல் பிடிக்காவிட்டால் வித்தாக மாறித் தூங்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் அந்த வித்து சாகாது. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம் கிடைத்தால் விழித்துக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அந்த நச்சு நிறுத்திவிடும். கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். பெயரே இலத்தீனில் தொத்திறைச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1895ல் பெல்ஜியத்தின் ஒரு சிற்றூரில், இறுதிச் சடங்குக்குப் பிறகு பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்டவர்கள் விழுந்தபோதுதான் எமில் வான் எர்மென்கம் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. அதன் பிஎச் 6ஐ ஒட்டியது, அதாவது புளிப்பே இல்லை. அதை உரித்து நறுக்கி எண்ணெயில் மூழ்கடித்தால் காற்றும் இல்லை. 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் நடந்தது இதுதான். நறுக்கிய பூண்டை எண்ணெயில் போட்ட பாட்டில், குளிர்ப்பெட்டியில் வைக்கவில்லை. 36 பேர் நோயில் விழுந்தார்கள். அந்த நச்சுக்கு மணமில்லை, ருசியில்லை. 1989ல் அமெரிக்க அரசு, எண்ணெயில் போட்ட பூண்டு விற்பவர்கள் அதில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

நம் பூண்டு ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ இல்லாமல் யாரும் போடுவதில்லை. அந்தப் புளி ருசிக்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பூண்டை 4.6க்குக் கீழே இழுத்து வருகிறது. புளி போதாமல், எண்ணெய் மட்டும் தாராளமாக ஊற்றிய பூண்டு ஊறுகாய் அலமாரியில் ஆறு மாதம் இருந்தால், அதை நான் தொட மாட்டேன். (எலுமிச்சைச் சாற்றில் போட்ட பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் வினைபுரிந்து உண்டாக்கும் நிறம் அது, கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியதற்கு நாம் பயப்படுவதில்லை.)

உப்பு ஒரு வேலி, அமிலம் ஒரு வேலி. எந்த ஒன்றையும் உச்சத்துக்குக் கொண்டுபோகாமல் சிறு சிறு தடைகளாக அடுக்கினால் கிருமி ஒவ்வொன்றையும் தாண்டுவதற்குள் களைத்துவிடும் என்று 1970களில் ஜெர்மனியின் குல்ம்பாக் நகர இறைச்சி ஆய்வு நிலையத்தில் இருந்த லோதர் லைஸ்ட்னர் எழுதினார். தடை ஓட்டத்தில் ஓடுகிறவன் போல என்பது அவர் உவமை. ஊறுகாய் ஜாடி அதற்கு நல்ல மாதிரி. ஏனென்றால் உப்பை எவ்வளவு கொட்டினாலும் நீர்ச் செயல்பாடு 0.75க்குக் கீழே போகாது; அதற்கு மேல் உப்பு கரையவே கரையாது. சில பூசணங்கள் அதையும் பொறுத்துக்கொள்ளும். அவற்றை வேறு வழியில்தான் மடக்க வேண்டும்.

கடுகு அதில் ஒரு வழி. ஆவக்காய் என்ற பெயரிலேயே கடுகு இருக்கிறது. தெலுங்கில் ஆவாலு என்றால் கடுகு. ஒரு பச்சைக் கடுகை வாயில் போட்டு மெல்லாமல் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. மென்றாலும் முதல் இரண்டு நொடி சப்பென்றுதான் இருக்கும். பிறகு மூக்குக்குள் ஒரு சுரீர். அந்த இரண்டு நொடியில் ஒரு வேதிவினை முடிந்திருக்கிறது. கடுகுக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. பல்லோ அம்மியோ அறைச்சுவரை உடைத்து, ஈரமும் பட்டால் இரண்டும் கூடி அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காட்டமான எண்ணெய் பிறக்கிறது. செடி அதைப் பூச்சிகளுக்கு எதிராக உண்டாக்கி வைத்திருக்கிறது. பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. கடுகை வறுத்தால் நொதி செத்துவிடும். பிறகு எவ்வளவு பொடித்தாலும் மூக்கில் ஏறாது. அதனால்தான் ஆவக்காய்க்குக் கடுகை வெயிலில் காயவைத்துப் பச்சையாகப் பொடிப்பார்கள். தாளிக்கும் கடுகு வாசனைக்கு. பொடித்த பச்சைக் கடுகு காவலுக்கு. வேலைநேரத்தை மிச்சம் பிடிக்க வாணலியில் வறுத்துப் பொடிக்கிறவர்கள் ஒரு வேலியைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

எண்ணெய் இன்னொரு வழி, ஆனால் அதன் பெருமை கொஞ்சம் மிகைதான். எண்ணெய் எந்தக் கிருமியையும் கொல்லாது. பூசணத்துக்கும் படல ஈஸ்டுக்கும் காற்று வேண்டும். விரல்கடை உயரம் எண்ணெய் நின்றால் அந்தக் காற்று கிடைக்காது. அவ்வளவுதான். காற்றில்லாமல் வாழ்கிறவனுக்கு அதே எண்ணெய் வீடு கட்டிக் கொடுக்கும் என்பதைப் பூண்டில் பார்த்தோம். அமிலம் இருக்கிற காய்க்குத்தான் எண்ணெய் காவல். நல்லெண்ணெயையே தேடுவதற்குக் காரணம் உண்டு: அதில் உள்ள செசமோலின், சூடாகும்போது செசமாலாக மாறும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் அது காக்கும். காய்ச்சி ஆற்றி ஊற்று என்று அத்தை சொல்வதில் அந்த ஆற்றுவதும் முக்கியம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சொல்ல நார்த்தங்காய் போதும். உப்பு அடைத்த சுருளை மூன்று நாள் ஜாடியில் ஊறவிட்டுப் பிறகு காலையில் தட்டில் பரப்பி மாடியில் காயவைப்பார்கள். மாலையில் எடுத்து அதே ஜாடி நீரில் போடுவார்கள். மறுநாள் மறுபடி மாடி. நீர் வற்றும்வரை இந்த நடை. பகலில் காயிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. இரவில் காய்ந்த காய் மிச்ச உப்புநீரைக் குடிக்கிறது. மறுநாள் அந்தத் தண்ணீரும் போகிறது. ஒரு சொட்டு உப்பையும் வீணாக்காமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஏற்பாடு. கடைசியில் சுருளின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறதே, அது பூசணம் இல்லை. உள்ளிருந்து ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் போனதும் அங்கேயே தங்கிவிட்ட உப்புப் பொடி. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியில் நடப்பது இங்கே தோலில் நடக்கிறது. இப்படி ஒட்ட உலர்ந்த நார்த்தங்காயைப் பாட்டி வீட்டில் நாலைந்து வருஷத்துக்குப் பிறகும் எடுத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சியோடு கொடுப்பார்கள்.

மாகாளிக் கிழங்கைச் சொல்லாமல் விட்டால் தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மலைச்சரிவுகளில் கிடைக்கும் வேர். தோல் சீவி, நடு நரம்பை நீக்கி, உப்பும் மோருமாகப் போடுவார்கள். அந்த வாசனை சிலருக்கு அமிர்தம், சிலருக்கு மூட்டைப்பூச்சி. அதற்குக் காரணமான மூலக்கூறு, ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலினுக்கு உடன்பிறப்பு. இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை; வளையத்தில் இரண்டு தொகுதிகள் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. இடம் மாறினால் மூக்குக்கு ஊரே மாறிவிடுகிறது.

இனி, எல்லா வீடுகளிலும் காதில் விழும் அந்தக் கட்டளை: ஈரக் கரண்டி போடாதே. மொத்த ஜாடியின் நீர்ச் செயல்பாடு 0.85 என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் அதை என்ன செய்துவிடும்? கலக்கினால் ஒன்றும் செய்யாது. ஆனால் யாரும் கலக்குவதில்லை. உப்புநீரைவிடத் தண்ணீர் இலேசு. விழுந்த சொட்டு அடியில் போய்க் கலக்காமல் மேலேயே படர்ந்து நிற்கும். எண்ணெய் ஊறுகாயில் அந்தச் சொட்டு எண்ணெயைவிடக் கனம். வழுக்கிக்கொண்டு இறங்கி ஒரு மாங்காய்த் துண்டின் தோளில் போய் உட்காரும். எப்படி ஆனாலும் அந்த இடத்தில் மட்டும், சில மணி நேரத்துக்கு, கட்டப்படாத தண்ணீர் கொண்ட ஒரு குட்டைக் குளம். கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை அதற்குத் தீனி. காற்றில் எப்போதும் மிதக்கும் பூசண வித்து ஒன்று அங்கே விழுந்தால் போதும். அது ஒரு தடவை வேர்பிடித்து அமிலத்தைத் தின்னத் தொடங்கினால் தன்னைச் சுற்றி வேலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகும். மேலே உள்ளதை வழித்துப் போட்டுவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும். நூல்கள் கீழே போயிருக்கும்.

கரண்டியே போடாத ஜாடியிலும் ஈரக் கரண்டி உண்டு. காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றி மூடியைத் திருகினால், உள்ளே எழும் ஆவி குளிர்ந்த மூடியில் முத்து முத்தாகக் கோத்து, இரவில் சொட்டும். சொட்டுவது காய்ச்சி வடித்த தண்ணீர், நீர்ச் செயல்பாடு அப்பட்டமாக 1. ஆற்றி ஊற்று, ஆறின பிறகு மூடு என்பது இதற்காக. வெயிலில் வைக்கும் ஜாடிக்கு மூடிக்குப் பதில் வேடு கட்டுவதும் இதற்காக. துணி ஈயை விடாது, ஆவியை விடும்.

உப்பின் கணக்கை முடிக்காமல் போக முடியாது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தையின் அளவில் போட்ட ஜாடியில் எடையில் ஆறில் ஒரு பங்கு உப்பு. 15 கிராம் மாவடு, அதாவது நடுத்தரமான ஒன்றோ இரண்டோ, இரண்டரை கிராம் உப்பை உள்ளே கொண்டுபோகும். அன்றைய பங்கில் பாதி, மோர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டதிலேயே தீர்ந்தது. ஆகவே டாக்டர் சொன்னதும் சரி, அத்தை சொன்னதும் சரி. குறைக்க வேண்டிய இடத்தை நான்தான் தப்பாகப் பிடித்தேன்.

அடுத்த பருவத்தில் 200 கிராம் போட்டேன். நாள் தவறாமல் ஜாடியைத் தூக்கிக் குலுக்கினேன், மேலே மிதப்பது அடிக்குப் போகட்டும் என்று. விளக்கெண்ணெய் தடவிய வடு. எண்ணெய்களில் அதுதான் கெட்டி, வழியாமல் தோலில் நின்றது. ஆடி போய் ஆவணி வந்தும் ஆடை படியவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு வடு எடுக்கிறேன்.

உப்பைக் குறைத்துத்தான் போடுவேன் என்கிறவர்கள் போடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு வேலியை எடுத்தால் இன்னொன்றை நட வேண்டும். கொஞ்சமாகப் போட்டு, எலுமிச்சை கூடப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் வைத்து, சில வாரத்தில் தீர்த்துவிடுங்கள். பூண்டு, காளான், மீன், இறால், இறைச்சி ஊறுகாய் என்றால் உப்பு குறைவோ கூடவோ, புளியோ வினிகரோ தாராளமாக இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜை விட்டு வெளியே இருக்கக் கூடாது. வீட்டில் போட்டதாகச் சொல்லி யாராவது விற்றால், புளிப்பு எதில் வருகிறது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.